மாடி டெய்லரம்மாவுக்குப் போன்

ஜூன் 9

அக்காவுக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்து உனக்கு அடையாளம் தெரிகிறதோ என்னவோ. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மரத்துப் போய்விட்டது, பேனா நழுவுகிறது. போனில் பேசலாமே என்று கேட்காதே. நான் போன் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். ஏன் எடுப்பதில்லை என்பதும் தெரியும்.

உன் பள்ளிக்கூடத்து ஆண்டு மலர் எங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டது. என் மகள்தான் காட்டினாள். "அத்தை என்னமா எழுதியிருக்காங்க பாருங்கப்பா"ன்னு ஓடி வந்தாள். 'எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே போன்.' தலைப்பு நன்றாகத்தான் இருந்தது. முதல் பக்கம் முழுக்க நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் படித்தேன். அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்ததால் அந்தக் கட்டிடத்திலேயே நம் வீட்டில் மட்டும் போன். அம்மா பூப்போட்டுத் தைத்த உறை. பக்கத்தில் ஆணியில் தொங்கும் சிலேட்டுப் பலகை. யாருக்குப் போன் வந்தது, எத்தனை மணிக்கு, என்ன சேதி என்று அதில் எழுத வேண்டும், ஓடிப்போய் நேரில் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் துடைக்க வேண்டும். ஒற்றைப்படைத் தேதி என் முறை, இரட்டைப்படைத் தேதி உன் முறை. படிக்கட்டுக்குக் கீழே நின்று தொண்டை கிழியக் கத்துவோமே, "மாடி டெய்லரம்மா, போன்!" என்று. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். ஒன்றையும் விடவில்லை.

கடைசிக்கு முந்தின பத்தி. "ஒரே ஒரு முறை என் தம்பி ஒரு சேதியைச் சொல்ல மறந்துவிட்டான். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

யார் சிரித்தது அக்கா? நான் சிரித்தேனா? டெய்லரம்மா சிரித்தாரா? ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மாமனார் வீட்டார் எதிரில், சாப்பாட்டு மேசையில் இதே கதையை எடுத்துவிட்டாய். "இவன்கிட்ட ஒரு சேதி சொல்லி அனுப்பினா அவ்வளவுதான், போய்ச் சேராது"ன்னு. நான் பாதித் தட்டில் எழுந்து போனது ஏன் என்று அப்புறமாவது யோசித்திருப்பாய் என்று நினைத்தேன். யோசிக்கவில்லை. அச்சில் போட்டுவிட்டாய்.

அவ்வளவுதான் சொல்ல வந்தது. மகள் நலம். இருமல் போகவில்லை எனக்கு.

தம்பி


ஜூன் 20

டேய் தம்பி,

உறையின் மேல் உன் எழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். உள்ளே படித்த பிறகு அந்தச் சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு வரிக்கா இவ்வளவு கோபம்? பிள்ளைகள் படிக்கிற மலர், எல்லாவற்றையும் அளந்து அளந்தா எழுத முடியும்?

நான் ஏன் அதை எழுதினேன் என்று கேள். போன மாதம் எங்கள் மழலை வகுப்பில் ஒரு வாண்டு படப் புத்தகத்தில் இருக்கிற யானை மேல் இரண்டு விரலை வைத்து விரித்து விரித்துப் பார்க்கிறது. யானை பெரிதாகவில்லை என்று அழுகை. "மிஸ், இந்தப் புக் ரிப்பேர்!" எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கவலையும். எதிர் வீட்டுக்குத் தனியாகப் போய்வரத் தெரியாத பிள்ளைகள் இவர்கள். நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை மூன்று மாடி ஏறி இறங்கியிருப்போம்! யார் வீட்டில் என்ன சந்தோஷம், யார் வீட்டில் என்ன துக்கம், நமக்குத்தானே முதலில் தெரியும். அதைச் சொல்ல ஆசைப்பட்டேன். தப்பா?

இன்னொரு விஷயம். மாடி டெய்லரம்மா அந்தக் கட்டுரையை மகள் படித்துக் காட்டக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். அவரேதான், அதே குரல்! இன்னும் அதே மாடி, அதே வீடு. எழுபத்திரண்டு வயதாகிறது. சொன்னால் நம்ப மாட்டாய், உன்னைத்தான் விசாரித்தார். "அந்தத் தம்பி எங்க இருக்கான்? அன்னிக்குப் படியில வச்சு அவனை நான் பேசின பேச்சு இருக்கே, அது பேச்சே இல்ல. பத்து வயசுப் பிள்ளை. ஒரு தடவை வரச் சொல்லு. ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டா என் மனசு ஆறிடும்" என்றார். கண் சரியாகத் தெரிவதில்லையாம், ஊசியில் நூல் கோக்க மகள் வர வேண்டியிருக்கிறதாம்.

போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயேன். அவரும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார், உனக்கும் ஆறிப்போகும். எல்லாம் சரியாகிவிடும். இருமலுக்கு வெந்நீர் குடி, உன் பிடிவாதத்தை அதிலும் காட்டாதே.

அக்கா


ஜூன் 27

அக்கா,

அவர் என்னிடம் மன்னிப்பு கேட்க வேண்டும், நான் போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும், எல்லாம் சரியாகிவிடும். நன்றாக இருக்கிறது உன் ஏற்பாடு.

டெய்லரம்மா எனக்கு யார் என்று மறந்துவிட்டாயா? காலி நூல்கட்டைகளைச் சேர்த்து வைத்து எனக்கு வண்டி செய்யத் தருவார். வெட்டுத் துணியைச் சுற்றிப் பந்து தைத்துத் தருவார். அவருடைய புருஷன் சண்டை போட்டுவிட்டுப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதமும் போன் மணி அடிக்கும்போதெல்லாம் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார், தனக்கா என்று. நான் கீழேயிருந்து தலையை ஆட்டுவேன். இல்லை என்று. அப்படிப்பட்டவர் படிக்கட்டில், எட்டு வீட்டு ஆளும் பார்க்க, "உன்னால என் குடும்பம் போச்சுடா" என்றார். அதற்குப் பிறகு என் பள்ளிக்கூட டிரவுசரைக் கூட அம்மா வேறு கடையில்தான் தைக்கக் கொடுத்தாள். அப்பா என்னைப் போன் பக்கமே விடவில்லை. ஒற்றைப்படைத் தேதியும் உனக்கே வந்தது.

சரி. அன்று பதினேழாம் தேதி. என் முறை. ஆனால் நான் வீட்டில் இல்லை. மணிக்கணக்கு வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். போகும்போது உன்னைத்தான் போனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, என் பச்சைக் கண் கோலியை உனக்குக் கொடுத்தேன். அப்பா கேட்டபோது "நான்தான் எடுத்தேன், மறந்துட்டேன்" என்று சொன்னதற்குச் சைக்கிள் ஒரு காரணம்.

நீ வாயைத் திறப்பாய் என்று அன்று ராத்திரி வரை பார்த்தேன். பிறகு ஒரு வாரம். பிறகு நாற்பத்து நாலு வருடம்.

ஒரே ஒரு கேள்வி. போனை யார் எடுத்தது?

தம்பி


ஜூலை 11

தம்பி,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதினேன். நாலும் பூசி மெழுகினதாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

நான்தான் எடுத்தேன்.

மூன்று மணி இருக்கும். டெய்லரம்மாவின் வீட்டுக்காரர். வெளியூர் போகிற வழியில் நம் ஊரில் இறங்கியிருக்கிறார். "அஞ்சு மணியிலேருந்து பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். ஆறரைக்கு பஸ். குழந்தையைத் தூக்கிட்டு அவளை வரச் சொல்லும்மா." பலகையில் எழுதினேன். மாடி டெய்லரம்மா, மூன்று மணி, பஸ் ஸ்டாண்டு, ஐந்து முதல் ஆறரை. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுச் சோடாபுட்டி வந்தான், சட்டைக்குள் சீட்டுக்கட்டை ஒளித்துக்கொண்டு. அவன் கண்ணாடியில் சீட்டு தெரியும், அவனை ஜெயிப்பது சுலபம். ஒரே ஒரு ஆட்டம், முடித்துவிட்டு மாடிக்கு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அஞ்சு மணிக்குத்தானே! கணக்கு எழுதப் பலகை வேண்டும். சேதிதான் மனதில் இருக்கிறதே என்று உள்ளங்கையால் துடைத்தேன். சொன்ன பிறகுதான் துடைக்கணும் என்று ஆயிரம் தடவை அப்பா சொன்ன பலகையை.

நூற்று நாற்பது, தொண்ணூற்றைந்து. நான்தான் ஜெயித்தேன். இன்றைக்கும் அந்த எண் மறக்கவில்லை. சேதி மறந்துவிட்டது. ஆட்டம் முடிகிற நேரத்தில் மழை வந்தது, மொட்டை மாடித் துணியை எடுக்க அம்மா கூப்பிட்டாள், ஓடினேன். டெய்லரம்மா வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஏறினேன், தம்பி. கதவு திறந்திருந்தது. தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கூடக் கேட்டது.

ஆறரைக்குப் போன் அடித்து அப்பா எடுத்தாரே, அப்போது துணியை மடித்துக்கொண்டிருந்தேன். "பிள்ளைகிட்ட மதியமே சொன்னேனே... வரல. சரி, விடுங்க. பஸ் கிளம்புது." அப்பா அதை அம்மாவிடம் திருப்பிச் சொன்ன பிறகுதான் எனக்குச் சேதி ஞாபகம் வந்தது. டெய்லரம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பில்லாமல் மழையில் ஓடினதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். திரும்பி வந்ததையும் பார்த்தேன்.

"யார் முறை இன்னிக்கு?" என்று அப்பா கேட்டார். நீ முன்னால் போய் நின்றாய். நான் துணிக்குப் பின்னால் நின்றேன். அப்பா பலகையை எடுத்துப் பார்க்கப் போனபோது என் உயிர் போய்விட்டது. என் கையெழுத்தில் சீட்டுக் கணக்கு இருக்கிறதே! பார்த்தால் பலகை பளிச்சென்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை. கடவுளே வந்து துடைத்துவிட்டார் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்ற வந்த கடவுளை நாமே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பதிமூன்று வயதுப் புத்தி.

பதிமூன்று வயதுப் புத்தி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. முப்பதிலும் சொல்லவில்லை. அதை ஒரு தமாஷாக ஆக்கிவிட்டால் சின்னதாகிவிடும் என்று நினைத்தேன். எல்லோரும் சிரித்தால் பெரிய தப்பாக இருக்காது என்று. ஒவ்வொரு தடவை சொன்ன பிறகும் உண்மை உறுத்தும், அதை மறைக்க மறுபடியும் சொல்வேன்.

இன்னும் ஒன்று. இதை நான் பலகையிலும் எழுதவில்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. போனை வைப்பதற்கு முன்னால் அந்த மனிதர் சொன்னார்: "அவ வந்தா நான் பஸ் ஏற மாட்டேன், வீட்டுக்கே வந்துடறேன்னு சொல்லும்மா."

உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என்ன செய்யட்டும் சொல்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

படித்தேன். என்னிடம் கேட்காதே. சேதி எனக்கு வந்ததில்லை. யாருக்கு வந்ததோ அவரிடம் போய்ச் சொல். அந்தக் கடைசி வார்த்தையையும் சேர்த்து. போனில் சொல்லாதே. மாடி ஏறிப் போய்ச் சொல்.

தம்பி


ஜூலை 28

தம்பி,

போய்விட்டு வந்தேன்.

நம் வீட்டு வாசலில் இப்போது இரும்புக் கதவு. உள்ளே யாரோ. எட்டு வீட்டிலும் கதவு சாத்தித்தான் இருந்தது. எந்த வீட்டிலும் பிள்ளைகள் சத்தம் இல்லை. படிக்கட்டில் நாம் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆன மூன்றாவது படி மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், ஆசையாக இல்லை, மேலே ஏறப் பயந்து.

டெய்லரம்மா மிஷின் முன்னால்தான் இருந்தார். ஒரு தலையணை உறை. துணியை மூக்குக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்துப் பார்த்துத் தைக்கிறார். என்னைப் பார்த்ததும், "வாடி என் ஹெட்மிஸ்ட்ரஸ்!" என்று சிரித்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று எனக்கே தெரியும். நின்றபடியே ஆரம்பித்து நின்றபடியே முடித்தேன். சீட்டு, பலகை, மழை, அந்தக் கடைசி வார்த்தை.

அவர் மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார்.

"இன்னொரு தடவை சொல்லு. கடைசியா சொன்னியே, அதை."

சொன்னேன். அவர் சொன்னபடியே, வார்த்தை மாறாமல்.

"ஆறு மாசம் கழிச்சு ஒரு கார்டு போட்டார். 'நீ வரல, புரிஞ்சுது'ன்னு ஒரே வரி. விலாசம் இல்ல. நான் என்னன்னு நினைச்சேன் தெரியுமா? குழந்தையைப் பாத்துட்டுப் போகத்தான் வந்திருக்காருன்னு நினைச்சேன். என்னைப் பாக்க இல்லன்னு." தைத்துக்கொண்டிருந்த உறையை மடித்து வைத்துவிட்டு, "எப்படியும் வந்தா இங்கதானே வரணும்னு இந்த வீட்டை மாத்தவே இல்ல" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. "அழாத. எனக்கு உன்னைச் சமாதானப்படுத்தத் தெம்பு இல்ல" என்றார். பிறகு, "சொல்லிட்டல்ல, போயிட்டு வா. இன்னிக்கு உன்கூட உக்காந்து பேச என்னால ஆகாது. இன்னொரு நாள் ஆகுமான்னும் தெரியல" என்றார்.

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று திரும்பினேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அந்தப் பையனை வரச் சொல்லு. ஒரு தப்பும் பண்ணாத பிள்ளையை எட்டு வீடும் பாக்க அழ வச்சேன். இப்ப அவன் கால்ல விழணும் நான்."

இதைத்தான் உன்னிடம் சேர்க்கச் சொன்னார். இந்தத் தடவை மறக்காமல் சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு மலர் வருகிறவரை காத்திருக்காமல் தனித் தாளில் அச்சடித்து எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்திருக்கிறேன், "மறந்தது என் தம்பி அல்ல, நான்" என்று. ஒரு பிரதி உள்ளே இருக்கிறது.

போ தம்பி. அவரைக் காக்க வைக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்கா,

அந்தத் தாளை மகளிடம் காட்டினேன். "அத்தைக்கு எவ்வளவு தைரியம்ப்பா" என்றாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லையா அப்ப?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை.

பலகையைத் துடைத்தது கடவுள் இல்லை அக்கா. நான்.

அன்று மழை வந்ததால் சைக்கிளைச் சீக்கிரமே கொண்டுபோய் விட்டுவிட்டேன். வழியில் விழுந்து முழங்கால் கிழிந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன், அப்பா வர எவ்வளவு நேரம் இருக்கிறது என்று. ஐந்தேகால். நீ மொட்டை மாடியில் இருந்தாய். பலகையில் உன் சீட்டுக் கணக்கு. அப்பா பார்த்தால் நீ தொலைந்தாய் என்று சட்டை நுனியை நனைத்துத் துடைத்தேன். இந்த மட்டும் நல்லவன்தான்.

நீ சரியாகத் துடைக்கவில்லை. உன் எண்களுக்கு அடியில் எழுத்து லேசாகத் தெரிந்தது. மாடி டெய்லரம்மா. பஸ் ஸ்டாண்டு. ஆறரை. மூன்றையும் படித்தேன். துடைத்திருக்கிறது என்றால் சொல்லியாகிவிட்டது என்றுதானே அர்த்தம், அப்பா போட்ட சட்டம் அதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மேலேயிருந்து தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. உனக்குக் கேட்ட அதே சத்தம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர் எதற்கு உட்கார்ந்து தைக்கிறார் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். மாடி ஏறி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு பத்து நிமிட நடை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

முழங்காலைப் பார்த்தால் எங்கே விழுந்தாய் என்று அவர் கேட்பார், அம்மா காதுக்குப் போகும் என்று போகவில்லை. பாத்ரூமில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் "நான்தான் மறந்தேன்" என்றது உன்னைக் காப்பாற்ற இல்லை. அது பாதி உண்மை, அதனால்தான் வாயில் சுலபமாக வந்தது. பிறகு வருடம் போகப் போக உன் பங்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன். உன் மேல் கோபமாக இருக்கிறவரைக்கும் அந்த ஐந்தேகால் மணி எனக்குத் தொல்லை கொடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போனதும் அதற்குத்தான். நீ சிரித்து மறைத்தாய், நான் கோபித்து மறைத்தேன். நீயாவது மாடி ஏறிவிட்டாய்.

அவர் என் காலில் விழுவேன் என்கிறார்.

ஒரு உதவி செய். அவருடைய மகளைப் பிடித்து, கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி உடனே அனுப்பு. லென்ஸ் நானே தேய்க்கிறேன், வேறு ஆள் கை படாமல். ஊசிக் காது தெரிகிற மாதிரி செய்து தருகிறேன். ஆனால் அதை முதலில் நீட்ட மாட்டேன். முதலில் சேதி, அப்புறம்தான் கண்ணாடி. மாற்றிக் கொடுத்தால் அது லஞ்சம். சேதியைக் கேட்ட பிறகு அவர் வாங்க மாட்டேன் என்றால் மூன்றாவது படியில் வைத்துவிட்டு வருகிறேன். என்றைக்காவது மகள் எடுத்துக் கொடுக்கட்டும்.

நீ வராதே. வந்தால் கீழேயே நில். நான் படிக்கட்டுக்கு அடியில் நின்று பழையபடி கத்தப் போகிறேன், எட்டுக் கதவும் திறந்தாலும் சரி. மாடி டெய்லரம்மா, உங்களுக்குப் போன் வந்தது, நான் பார்த்தேன், சொல்லவில்லை.

பதினேழாம் தேதி வருகிறேன். ஒற்றைப்படை. என் முறை.

தம்பி